ஈயத்தலைகளுக்குக் கண் எழுதிய கதை

1

என் மகள் நிவேதாவுக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருஷம். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு என்ன தாம்பூலம் கொடுத்தீர்கள் என்று ஊர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, எவர்சில்வர் டப்பா என்று ஆளுக்குத் தகுந்தாற்போல் எதையாவது சொல்லிச் சமாளித்து வருகிறேன். உண்மையில் நாங்கள் கொடுத்தது தூண்டில் முள். ஆளுக்கு ஒன்று. முள்ளின் தலைப்பக்கம் ஈயத்தை உருக்கி ஊற்றி, அந்த ஈயத்தின் மேல் கிளிப்பச்சை வர்ணம் ஏற்றிய முள்.

நான் வசிப்பது அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில். தடுக்கி விழுந்தால் ஏரி. குளிர்காலம் முழுக்க அந்த ஏரிகள் உறைந்து கல்லாகக் கிடக்கும். அப்போதாவது மீனை நிம்மதியாக விடுவார்களா என்றால் மாட்டார்கள். ஐஸில் ஓட்டை போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வெளியே இத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் தம்பி முருகேசனுக்கு விருத்தாசலம் பாலக்கரையில் செல்போன் கடை. ஒருமுறை வீடியோவில் அவனுக்கு இந்தக் காட்சியைக் காட்டினேன்.

"ஏண்ணா, அவங்க வூட்டுல கொழம்புக்கு வழியில்லையா?" என்றான்.

"கொழம்புக்கு இல்லடா. புடிச்சிட்டு, போட்டோ எடுத்துட்டு, திரும்ப தண்ணியிலயே வுட்டுடுவாங்க."

"அப்ப இது டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய கேசுண்ணா" என்றான்.

இந்த நாட்டைப் பற்றி என் தம்பி எத்தனையோ சொல்லியிருக்கிறான். எனக்கு முழுச் சம்மதமானது இது ஒன்றுதான்.

அந்த ஈயம் வைத்த முள்ளை இங்கே ஜிக் என்பார்கள். ஈயத்தின் கனத்தில் அது ஏரியின் அடிக்குப் போகும். வர்ணத்தைப் பார்த்து மீன் ஏமாறும். கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது, வாங்கிக்கொண்டு போகலாம். ஆனாலும் ரிடையர் ஆன ஆண்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து தாங்களே ஈயம் உருக்குகிறார்கள். பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்க அவர்களுக்குத் தெரிந்த கௌரவமான வழி அது என்பது என் கணிப்பு.

2

மாப்பிள்ளை பெயர் டைலர். இதைச் சொன்னதும் முருகேசன், "நல்ல தொழில்தாண்ணா, ரெடிமேட் வந்ததுக்கப்பறம் கொஞ்சம் டல்லு" என்றான். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் என் மகள் அமெரிக்காவில் ஒரு தையல்காரனைக் கட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டைலரின் அப்பா கென். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அம்மா மார்ஜ், மீதி வார்த்தைகளை எல்லாம் பேசுகிறவர். முதல் சந்திப்பில் அவர்கள் வீட்டில் விருந்து. மார்ஜ் ஓடி ஓடிப் பரிமாறினார். நான் மனம் நிறைந்து, "நீங்கள் ரொம்ப ஹோம்லி" என்று ஆங்கிலத்தில் பாராட்டினேன். மார்ஜ் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். நம்மூர் கல்யாண விளம்பரத்தில் குடும்பப் பாங்கான பெண்ணுக்குப் போடுகிற வார்த்தை இங்கே 'பார்க்கச் சகிக்காதவள்' என்று அர்த்தமாம். நிவேதா கார் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீ என்னை வெட்கமாக ஆக்கற."

மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. அம்மாவிடம் சாப்பாட்டுக்கும் என்னிடம் சண்டைக்கும் மட்டும் தமிழ் பேசுவாள். அதுவும் மனசுக்குள் இங்கிலீஷில் எழுதிவைத்துப் படிக்கிற தமிழ்.

"நான் பாராட்டினேன் தாயே" என்றேன்.

"நீ பாராட்டி நான் பாத்ததே இல்லியே" என்றாள்.

என் வேலை அப்படி. நான் மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஆலையில் குவாலிட்டி பார்க்கிறவன். விளக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கீறல் தேட வேண்டும். நல்லது நூறு போனாலும் கண்ணில் படாது, சொத்தை ஒன்று வந்தால் தூக்கிப் போட வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்கு வந்தும் ஓவர்டைம் பார்க்கிறார் என்பது என் மனைவி கலாவின் கட்சி.

கென் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் சேர்ந்து ஜிக் செய்ய வேண்டும். ஒருவர் ஈயம் ஊற்றுவார், ஒருவர் வர்ணம் ஏற்றுவார். கல்யாண விருந்தில் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று வைப்பார்கள். எந்தக் காலத்துத் தாத்தா ஆரம்பித்துவைத்த கூத்தோ தெரியவில்லை. எங்கப்பா ஊரில் பொம்மைக் கம்பெனியில் பெயிண்ட் பண்ணினவர் என்று நிவேதா அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வர்ண டிபார்ட்மென்ட் என் தலையில் விழுந்தது.

என்னிடம் சொல்ல அவளே வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்பா, என் ஃப்ரெண்ட்ஸைப் பாத்து சிரிச்ச. என் வேலையப் பாத்து சிரிச்ச. டைலர் சாப்பிடறதப் பாத்துக்கூட சிரிச்ச. பரவால்ல. இத மட்டும் சிரிக்காம செய். அவங்களுக்கு இது பெரிய விஷயம்."

"செஞ்சா?"

"கல்யாணத்தன்னிக்கு யாரோட நடந்து போறதுன்னு இன்னும் நான் முடிவு பண்ணல."

இங்கே கல்யாணத்தில் கன்னிகாதானம் கிடையாது. பெண்ணின் கையைப் பிடித்து அப்பா மேடை வரைக்கும் நடத்திக்கொண்டு போவதுதான் எல்லாம். அவள் போன பிறகு கலா, "வாயக் கட்டுங்க. இல்லன்னா உங்க பொண்ணு தனியாதான் நடப்பா. அவ உங்க ரத்தம், சொன்னா செய்வா" என்றாள். கலா திட்டக்குடிக்காரி. எச்சரிக்கையைக்கூடக் காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்வாள்.

3

வர்ணம் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை என்னை ஏரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கென் ஆசைப்பட்டார். அதற்கு லைசென்ஸ் வேண்டும். புழுவை முள்ளில் குத்தித் தண்ணீரில் போடுவதற்கு அரசாங்க அனுமதி. நம்மூர் மணிமுத்தாற்றில் தண்ணீர் வருகிற காலத்தில் டவுசர் போட்ட எவனும் செய்கிற காரியம் அது.

கவுன்டரில் ஒரு பெண் உயரம் கேட்டாள், எடை கேட்டாள், பிறகு கண் என்ன நிறம் என்று கேட்டாள்.

"கறுப்பு" என்றேன்.

"கறுப்புக் கண் யாருக்கும் கிடையாது. பிரவுன்."

"கறுப்புதான் அம்மா. ஊரில் நான் பொம்மைகளுக்குக் கண் எழுதினவன். எல்லாம் கறுப்பில்தான் எழுதினேன். ஒரு பொம்மையும் ஆட்சேபிக்கவில்லை."

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அதில் கறுப்பு என்ற சொல்லே இல்லை. பிரவுன் என்று போட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். நம்ம தாலுகா ஆபீசில் ரேஷன் கார்டில் என் பெயரையே தப்பாக எழுதி, திருத்துவதற்குள் செருப்பைத் தேய வைத்தார்கள். ஆனால் அங்கே ஒருத்தரும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்காமல் தப்பாக எழுதுவது ஒரு ஜாதி, பார்த்துவிட்டுத் தப்பாக எழுதுவது இன்னொரு ஜாதி. இரண்டையும் அனுபவிக்கிற பாக்கியம் புலம்பெயர்ந்தவனுக்குத்தான்.

ஏரியில் காலை முழுக்க உட்கார்ந்தோம். கென் ஒரு மீன் பிடித்தார், அதற்கு முத்தம் கொடுக்காத குறையாக நன்றி சொல்லித் திருப்பி விட்டார். பிறகு தன் ஜிக்கை என் கையில் கொடுத்து, அதன் இரண்டு பக்கமும் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார்.

"கண். கண் இல்லாவிட்டால் மீன் தொடாது" என்றார். அன்றைய கணக்கில் அவருக்குப் பாதி வார்த்தை தீர்ந்துவிட்டது.

4

கென்னின் கார் ஷெட்டை அவர்கள் பட்டறை என்று சொல்வதைக் கேட்டால் நம்மூர் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மை சுடுகிற ஆட்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு மேஜை. ஒரு சின்ன ஈயச் சட்டி, கரண்டி, இரும்பு அச்சு. முடி காயவைக்கிற மெஷின் மாதிரி சூடான காற்று ஊதுகிற ஒரு துப்பாக்கி. குட்டிக் குட்டி டப்பாக்களில் வர்ணப் பவுடர். மூலையில் ரொட்டி சுடுகிற சின்ன மின்சார அடுப்பு. அதுதான் சூளையாம். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வேகிற சரக்கைப் பார்த்து வளர்ந்தவனிடம் ரொட்டி அடுப்பைக் காட்டி, "ஜாக்கிரதை, சூடு" என்கிறார் மனிதர். ஈயத்தின் பக்கத்தில் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, வெளியே போகும்போது சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முகமூடி, கையுறை. பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் வாளியின் விளிம்பிலேயே டீ கிளாஸை வைத்துக் குடித்த கூட்டம் நாங்கள். ஆனால் சிரிக்காமல் செய்வதாக வாக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு கையுறையை மாட்டினேன்.

வேலை இதுதான். ஈயத்தலையைக் குறட்டால் பிடித்துச் சூடான காற்றில் காட்ட வேண்டும். பிறகு பவுடருக்குள் ஒரு முழுக்கு, உடனே வெளியே. சூட்டில் பவுடர் உருகித் தலையோடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று மின்னும். தட்டி உதிர்த்துவிட்டு, நூல் கோக்கிற ஓட்டையில் அடைத்த வர்ணத்தை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, கம்பியில் தொங்கவிட்டு ரொட்டி அடுப்பில் வேக வைத்தால் பிறகு கல்லில் அடித்தாலும் வர்ணம் உதிராது.

கேட்கச் சுலபம். நான் பிடித்த முதல் தலையை நன்றாகவே காய்ச்சினேன். சூடு என்றால் எனக்குத் தெரிந்த சூடு அது. பவுடரில் முக்கினேன். ஒரு கவளம் பவுடர் அப்பிக்கொண்டு, நெல்லிக்காய் அளவு வீங்கி, வழிந்து, முள் வரைக்கும் இறங்கியது.

"ரொம்ப சூடு" என்றார் கென்.

அடுத்ததைப் பயந்து பயந்து காட்டினேன். பவுடர் ஒட்டவே இல்லை, விபூதி பூசின மாதிரி நின்றது.

"சூடு போதாது" என்றார்.

இப்படி இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அந்த மனிதர் என்னை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். பதம் பிடிபட்டதும் கை ஓட ஆரம்பித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது பிடித்துப்போயிற்று. முக்கி எடுத்த கணத்தில் மங்கல் மறைந்து பளபளப்பு ஏறுகிறதே, அதைப் பார்ப்பதற்காகவே அடுத்ததை எடுத்தேன். நிறம்தான் சகிக்கவில்லை. மேலே கிளிப்பச்சை, கீழே ஆரஞ்சு. வேப்பூர் ரோட்டு ஓட்டல் போர்டில்கூட இப்படி அடிக்கமாட்டார்கள். மீனுக்குப் பிடிக்கும் என்றார் கென். மீனின் ரசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கலா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு கடைசிச் சரத்தையும் வேகவைத்து எடுத்தேன். அன்று கென் பல் டாக்டரிடம் போயிருந்தார். முட்டை வைக்கிற அட்டைகளில் ஒவ்வொன்றாக அடுக்கி, காகிதக் கீற்று போட்டு, பெட்டிகளை டேப் ஒட்டி மார்ஜின் காரில் ஏற்றினேன். ஒன்றுக்கும் கண் எழுதவில்லை.

5

ஏன் எழுதவில்லை என்பதற்கு விருத்தாசலத்துக்குப் போக வேண்டும்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் கொலு பொம்மை, செட்டியார் பொம்மை, தலையாட்டிப் பிள்ளையார் எல்லாம் செய்வோம். வார்த்து, சுட்டு, கிளேஸ் போட்டு, மறுபடி சுட்டு, சேலை நகை எல்லாம் தீட்டி ஷெட்டில் அடுக்கிவிடுவார்கள். கண் மட்டும் மிச்சமிருக்கும். லாரி வந்து வாசலில் நிற்கிற அன்றைக்குத்தான் நான் கண் எழுத வேண்டும். ஈரம் காய்ந்ததும் வைக்கோல், பெட்டி, லாரி. மேஸ்திரி கோவிந்தனின் சட்டம் அது.

"கண்ணத் தொறந்துட்டா அது போவேண்டிய வூட்டுக்குப் போயிடணும். இருட்டு ஷெட்டுல முழிச்சிக்கிட்டு நிக்க வுடக் கூடாது" என்பார்.

"நின்னா என்ன மேஸ்திரி? ராத்திரி எழுந்து டீ குடிக்கப் போயிடுதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"நீ வாய மூடிக்கிட்டு கண்ண எழுது."

ஒருமுறை கண் எல்லாம் எழுதி முடித்த பிறகு லாரி வேப்பூர் பக்கம் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மனிதர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து பொம்மைகளின் முகத்தை எல்லாம் மூடிவிட்டுத்தான் ஷெட்டைப் பூட்டினார். அதை நான் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். முன்னாடியே எழுதினால் அடுக்கும்போது மை கலைந்துவிடும், அதற்காக முதலாளி சொன்னதை இந்த ஆள் சாமி விஷயமாக்கிவிட்டார் என்பது என் ஆராய்ச்சி. எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. இருந்தும் கண்ணைப் புறப்படுகிற நாளுக்கு வைத்துவிடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. செருப்பை வாசலில் விடுவது மாதிரி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. நானும் கென்னிடம் சொல்லவில்லை. கறுப்பு எனாமல் டப்பாவையும் ஒரு குண்டூசியையும் என் கோட்டுப் பையில் போட்டு வைத்தேன். கல்யாணத்தன்று காலையில் எழுதிவிடலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

6

பெட்டிகளை மறுநாளே மார்ஜ் திறப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் அட்டைகளோடு சேர்த்து அடுக்கிப் பார்க்க மண்டபத்தில் திறந்திருக்கிறார். நூற்றுச் சொச்சம் தலைகள், ஒன்றுக்கும் கண் இல்லை.

நிவேதா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"வேணும்னுதானே பண்ண?"

"என்ன பண்ணேன்?"

"கண்ணு இல்லாம மீன் தொடாதுன்னு கென் உனக்குச் சொன்னாரா, இல்லியா?"

"சொன்னாரு."

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்க. மார்ஜ் பெட்டிய மூடிட்டு, 'வித்தியாசமா இருக்கு'ன்னாங்க."

மினசோட்டாவில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. நிலைமை புரிந்தது. கல்யாணத்தன்று, சனிக்கிழமை காலையில் எழுதுவதாக இருந்தேன் என்று சொன்னேன். கோவிந்தன் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். லாரியைப் பற்றி, வேட்டி போட்டு மூடியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது புளுகு மாதிரி கேட்டது.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அம்மா ஏர்போர்ட்டுல உப்பு மொளகா சுத்திப் போட்டப்ப நீ என்ன சொன்ன? புது காருக்கு எலுமிச்சம்பழம் வெச்சப்ப என்ன சொன்ன? தாத்தா திதிய 'காக்காவுக்குப் பார்ட்டி'ன்னு சொன்ன. சின்ன வயசுல நான் அம்மாவோட சாமி கும்பிட்டா, 'சாமி இப்ப பிஸி'ன்னு சொல்லுவ. இப்ப பொம்மை ராத்திரி முழிச்சிக்கும்னு சொல்ற. நான் இத நம்பணும். இல்லியா?"

கலா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவளுக்கும் எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கேலி செய்யாமல், உள்ளதை உள்ளபடி ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அதை நம்ப அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. அந்த இடத்தில் நான் கெஞ்சியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நம்பாட்டிப் போ" என்றேன்.

"சரிப்பா. நான் தனியாவே நடந்துக்கறேன்" என்றாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினாள். அதுதான் என்னைக் கலங்கடித்தது.

7

கல்யாணத்தன்று விடிந்ததும் பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் கென் அங்கே உட்கார்ந்திருந்தார். முன்னால் பெட்டிகள், கையில் ஒரு ஆணி, பக்கத்தில் கறுப்பு வர்ணம். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மனிதர் தானே கண் எழுத வந்துவிட்டார். எழுதியிருந்த லட்சணம்தான் தாங்கவில்லை. ஒரு கண் வானத்தைப் பார்க்கிறது, ஒரு கண் பூமியைப் பார்க்கிறது. வயலில் வெயில் குடித்து மயங்கிய தவளைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன.

"நகருங்கள்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குண்டூசியின் தலையை எனாமலில் தொட்டு வைத்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நான் எழுதியதை வாங்கி ஊதிக் காயவைத்தார்.

"இன்றைக்குக் காலையில்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்" என்றேன் பாதியில்.

"சரி" என்றார் கென். ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே நம்பிவிட்டார். என்னை நன்றாகத் தெரியாதவர், வேறென்ன செய்வார்.

நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது நிவேதா வாசலில் நின்றிருந்தாள். தலையில் முடி சுருட்டுகிற கிளிப்புகள். என்னையும் குண்டூசியையும் வேட்டியில் விழுந்திருந்த கறுப்புச் சொட்டையும் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். போதும், புரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மனசு அப்படித்தான் ஆசைப்படும்.

ஏரிக்கரைப் புல்லில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வயலின் வாசித்ததும் எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். அவள் தனியாகவே வந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. வேறொரு நாளாக இருந்தால் அந்த ஷூவைப் பற்றி ஒரு வாரத்துக்குப் பேசியிருப்பேன். பின்வரிசையில் யாரோ, "பெண்ணுக்கு அப்பா இல்லையா?" என்று கிசுகிசுப்பது கேட்டது. நான் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனபோது மல்லிகைப்பூ வாசனை வந்தது, கலா டெக்சாஸிலிருந்து வரவழைத்த பூ. கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். நீட்டவில்லை. எனக்கு வலித்தது. இதை வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விருந்தில் ஜிக்குகளுக்கு ஏக வரவேற்பு. ஆண்கள் எல்லோரும் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். கென் எழுதிய மாறுகண்கள்தான் முதலில் தீர்ந்தன. இவர்களின் ரசனையைப் பற்றி நான் சொன்னதில் எதையும் திரும்பப் பெற வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வரவில்லை.

8

அதற்குப் பிறகு ஒரு வருஷம். நிவேதா போன் பண்ணுவாள், அம்மாவிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். கடைசியில் போன் என் கைக்கு வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி. முன்பெல்லாம் சண்டைக்காவது என்னிடம் தமிழ் பேசுவாள். சண்டையும் நின்றுபோயிற்று. நான் அவள் முன்னால் எதையும் கேலி செய்வதில்லை. அதனால் பேசுவதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. பேச்சே இல்லாத மரியாதை எவ்வளவு தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். உறைந்த ஏரி பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலருக்கு வீட்டில் இப்படி ஏதாவது இருக்குமோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

நேற்று கல்யாண நாள் வாழ்த்துச் சொல்ல நானே கூப்பிட்டேன். சொன்னேன். நன்றி என்றாள். வழக்கம்போல் போனைக் கலாவிடம் நீட்டப் போனேன்.

"அப்பா, இரு. கேட்டிக்குக் கல்யாணம்."

கேட்டி, டைலரின் தங்கை.

"சந்தோஷம்மா."

"மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல, எறந்துட்டாரு. ஜிக் செய்ய ரெண்டு பேர் வேணும்ல? கென் ஈயம் ஊத்துவாரு. பெயிண்டுக்கு நீ வருவியான்னு கேட்டி கேட்டா."

"வரேன்னு சொல்லு."

"அதே கிளிப்பச்சைதான்."

"நல்ல கலருதாம்மா" என்றேன். கலா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு நிவேதா பேசினாள்.

"மார்ஜ்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்பா. பொட்டியத் தொறந்து பாத்துட்டு பயப்படாதீங்க, அதுல கண்ணு இருக்காது, கல்யாணத்தன்னிக்குக் காலையிலதான் எங்கப்பா எழுதுவாரு, அது எங்க ஊர் வழக்கம்னு சொல்லியிருக்கேன்."

எங்க ஊர். மூன்று வயது வரைக்கும் இருந்தாள். பிறகு இரண்டு லீவுக்கு வந்து, இரண்டு தடவையும் வயிறு கெட்டுப் படுத்திருந்தாள். விருத்தாசலத்தில் அவளுக்குத் தெரிந்த இடம் முருகேசன் வீட்டுப் பாத்ரூம் ஒன்றுதான். தவிர, அது ஊர் வழக்கமே கிடையாது. பக்கத்து ஷெட்டில் எல்லாம் கண்ணை எழுதி மாசக்கணக்கில் தூசி படிய அடுக்கிவைத்திருந்தார்கள். கோவிந்தன் மேஸ்திரி ஒருத்தரின் பிடிவாதம் அது. செராமிக் எஸ்டேட்டில் போய்க் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பார்கள். இப்போது மினசோட்டாவில் ஒரு குடும்பமே விருத்தாசலத்தைப் பற்றி ஒரு தப்பான சங்கதியை நம்பிக்கொண்டிருக்கிறது. தப்பு என்று ஒன்று காதில் விழுந்து, அதைத் திருத்தாமல் விட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

"ஆமாம்மா" என்றேன், "நம்ம ஊர் வழக்கந்தான் அது."